கரை ஒதுங்கிய பொருள் யாருடையது?

சொந்த ஊரில் ஒரு பொருளைத் தொலைத்தவனுக்குத் தேடும் வழி தெரியும். எந்தத் தெருவில் நடந்தோம், எந்தத் திண்ணையில் அமர்ந்தோம், யாரைக் கேட்டால் விவரம் கிடைக்கும் என்பனவெல்லாம் அவன் அறிந்தவை. அயல்நாட்டில் பொருளை இழந்தவன் நிலை வேறு. அவனுக்கு மொழி தெரியாது; வழக்கம் தெரியாது; முறையிடும் இடம் தெரியாது. ‘இது என்னுடையது’ என்று அவன் சொன்னால், ‘ஆம், இவருடையதுதான்’ என்று சாட்சி சொல்ல அங்கு ஆள் இல்லை. அவ்வேளையில் அவன் பொருள் அவன் கைக்குத் திரும்புவது அந்த ஊர் மக்களின் மனத்தையும், அந்த நாட்டு அரசின் நெறியையும் பொறுத்ததாகிவிடுகிறது.

பாய்மரக் கப்பல்கள் ஓடிய காலத்தில் இவ்வின்னல் இன்னும் கொடியதாக இருந்தது. புயலில் கலம் உடையும். உயிர் தப்பியவன் ஒரு கரையில் ஏறுவான். அவன் சரக்கு வேறொரு கரையில் ஒதுங்கும். அந்தச் சரக்கு யாருடையது? இழந்தவனுடையதா? கண்டெடுத்தவனுடையதா? கரையை ஆளும் அரசனுடையதா? இந்து மாக்கடலின் துறைமுகங்கள் இந்த வினாவுக்கு வெவ்வேறு விடைகளைக் கூறின. அவ்விடைகளைக் கொண்டே அத்துறைமுகங்கள் வாழ்ந்தன, சில நலிந்தன. கடல் கடந்து வந்து இம்மண்ணில் வேர்கொண்ட நமக்கு அவ்வரலாறு அயலானது அன்று.

கள்ளிக்கோட்டைக் கடற்கரையில்

1340களின் தொடக்கத்தில், மொராக்கோ நாட்டுப் பயணியான இப்னு பதூதா கள்ளிக்கோட்டைக் கடற்கரையில் நின்றுகொண்டிருந்தார். தில்லிச் சுல்தான் முகமது பின் துக்ளக், சீனப் பேரரசருக்கு அனுப்பிய தூதுக்குழுவின் தலைவர் அவர். பேரரசருக்குரிய பரிசுகள் பெரிய கப்பலொன்றில் ஏற்றப்பட்டிருந்தன. அவருடைய சொந்த உடைமைகளும் பணியாளர்களும் சிறிய கலமொன்றில் இருந்தனர். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்காக அவர் கரையிலேயே தங்கிவிட்டார். அத்தொழுகை அவர் உயிரைக் காத்தது. கடல் கொந்தளித்தது. பரிசுகளை ஏந்திய கப்பல் கரையில் மோதிச் சிதறியது. அவருடைய தோழர்கள் மாண்டனர். சிறிய கலத்தில் இருந்தவர்களோ நிகழ்ந்ததைக் கண்டு அஞ்சிப் பாய் விரித்துப் போய்விட்டார்கள். தூதுவராக வந்தவரிடம் எஞ்சியவை பத்துப் பொற்காசுகளும், இரவில் விரித்துப் படுத்த ஒரு கம்பளமும் மட்டுமே.

அக்கடற்கரையில் அவர் கண்ட வேறொரு காட்சியும் அவருடைய நூலில் இடம்பெற்றுள்ளது. கள்ளிக்கோட்டை மன்னன் சாமூதிரி கடற்கரைக்கு நேரில் வந்தான். இடையில் வெள்ளைத் துணி, தலையில் சிறு தலைப்பாகை, வெறுங்கால். ஒருவன் குடை பிடித்து நின்றான். மன்னன் முன்னால் நெருப்பு மூட்டப்பட்டிருந்தது. கடல் ஒதுக்கிய பொருள்களை ஊரார் எடுத்துச் செல்லாதபடி மன்னனின் காவலர்கள் அவர்களை அடித்து விரட்டிக்கொண்டிருந்தார்கள். மலையாளக் கரையின் பிற இடங்களில் உடைந்த கலத்தின் பொருள்கள் அரசனின் கருவூலத்தைச் சேரும்; கள்ளிக்கோட்டையில் மட்டுமே அவை உடையவரைச் சேரும்; அதனால்தான் அந்நகர் செழித்து, வணிகர் பலரும் அங்கு வந்து குவிகின்றனர் என்று இப்னு பதூதா விளக்குகிறார். தன் உடைமையை இழந்து நின்ற ஒருவர் எழுதிய சான்று இது.

காற்றின் கொடை என்றவர்கள்

கள்ளிக்கோட்டையின் நெறி எத்துணை அரியது என்பதை உணர வேண்டுமானால், அதே கரையின் மறுபக்கத்தையும் காண வேண்டும். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வழி சென்ற மார்க்கோ போலோ, வட மலையாளத்தின் எழிமலைப் பகுதியைப் பற்றி ஒரு செய்தி கூறுகிறார். அத்துறையை நாடி வந்த கப்பலுக்கு அங்கே வரவேற்பு உண்டு. வேறு துறைக்குப் புறப்பட்டு, காற்றினால் அங்கு ஒதுங்கிய கப்பலையோ அவர்கள் பறித்துக்கொள்வார்கள். ‘நீ போக நினைத்தது வேறிடம், இறைவன்தான் உன்னை எங்களிடம் அனுப்பினான்’ என்பது அவர்கள் கூறிய நியாயமாம். அதை அவர்கள் பாவமாகவும் கருதவில்லையாம்.

இது கீழ்த்திசைக்கு மட்டும் உரிய குறை அன்று. கரை ஒதுங்கிய பொருளுக்கு அரசனே உரிமையாளன் என்ற வழக்கம் ஐரோப்பாவிலும் வேரூன்றியிருந்தது. இங்கிலாந்தில் 1275ஆம் ஆண்டு இயற்றப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம் அதற்கு ஓர் எல்லை வகுத்தது. கப்பலிலிருந்து ஒரு மனிதனோ, நாயோ, பூனையோ உயிருடன் தப்பினால் அதனை உடைந்த கலமாகக் கொள்ளக் கூடாது. உடையவன் ஓராண்டும் ஒரு நாளும் முடிவதற்குள் வந்து பொருளைக் கோரலாம் என்று அச்சட்டம் கூறிற்று. ஒரு பூனை பிழைத்தால் வணிகனின் வாழ்வும் பிழைக்கும்! இன்று நமக்கு நகைப்பாகத் தோன்றினும், பறிப்பதை இயல்பெனக் கருதிய உலகில் அது ஒரு முன்னேற்றமே.

கள்ளிக்கோட்டை தன் நெறியை நெடுங்காலம் காத்தது. 1442ஆம் ஆண்டு பாரசீகத்திலிருந்து தூதராக வந்த அப்துர் ரசாக், வணிகர்கள் தங்கள் சரக்கை அங்காடியில் இறக்கிவிட்டு, கணக்குப் பார்க்கவோ காவல் காக்கவோ கவலையின்றி இருப்பதைக் கண்டு வியந்தார். சுங்க அலுவலர்களே காவலை ஏற்றனர். சரக்கு விற்றால் நாற்பதில் ஒரு பங்கு வரி, விற்காவிட்டால் ஒன்றுமில்லை. பிற துறைகளில் காற்று கொண்டுவந்த கப்பலைக் கொள்ளையிடுவார்கள். இங்கு அவ்வாறு இல்லை என்று அவரும் எழுதிவைத்தார். நூறாண்டு இடைவெளியில், ஒருவரையொருவர் அறியாத இரு பயணிகள் ஒரே நகரைப் பற்றி ஒரே சான்றிதழை வழங்கியுள்ளனர்.

கல்லில் எழுதிய அபயம்

கள்ளிக்கோட்டையின் நெறியைப் பயணிகளின் நூல்கள் வழியே அறிகிறோம். வேறு இரு துறைமுகங்களிலோ மன்னர்களே தங்கள் சொல்லைக் கல்லில் வெட்டி வைத்தார்கள்.

ஒன்று, ஆந்திரக் கரையிலுள்ள மோட்டுப்பள்ளி. காகதீய மன்னன் கணபதி தேவன் 1244-45ஆம் ஆண்டு அங்கு ஒரு தூண் நாட்டி, கடல் வணிகருக்கு அபயம் அளித்தான். நாடு விட்டு நாடு செல்லும் கலங்கள் புயலில் சிக்கி உடைந்து கரை சேர்ந்தால், முந்தைய மன்னர்கள் பொன், யானை, குதிரை, மணி என எல்லாவற்றையும் வலிந்து பறித்துக்கொண்டார்கள் என்பதை அம்மன்னன் மறைக்கவில்லை. உயிரினும் பொருளைப் பெரிதாக எண்ணிக் கடலின் இடரை ஏற்றவர்கள் இவர்கள் என்று இரங்கி, உரிய சுங்கம் தவிர மற்றவற்றையெல்லாம் உடையவருக்கே விடுவதாக அறிவித்தான். ஏற்றுமதிக்கும் இறக்குமதிக்கும் வரி முப்பதில் ஒரு பங்கு. சந்தனம், கற்பூரம், முத்து, பன்னீர், தந்தம், பவளம், மிளகு, பாக்கு எனத் தீர்வைக்குரிய பண்டங்களும் அக்கல்லில் வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. இரக்கத்தையும் கணக்கையும் ஒரே தூணில் எழுதிய மன்னன் அவன்.

மற்றொன்று, அதற்கும் முற்பட்டது. நம் நெஞ்சுக்கு நெருங்கியது. யாழ்ப்பாணத்தை அடுத்த நயினாதீவில், நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள 12ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு அது. பொலன்னறுவையிலிருந்து இலங்கையை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணையாக அறிஞர்கள் அதனைக் கொள்வர். பேராசிரியர் கா. இந்திரபாலா 1963ஆம் ஆண்டு அதனை ஆராய்ந்து வெளியிட்டார். சிங்கள மன்னனின் அவ்வாணை தமிழில் வெட்டப்பட்டிருக்கிறது.

பிறநாட்டார் முதலில் ஊராத்துறையில், அஃதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து இறங்க வேண்டும். அவர்கள் பாதுகாக்கப்பட வேண்டும் என்கிறது அக்கல்வெட்டு. யானையும் குதிரையும் கொண்டுவந்த கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசின் பண்டாரத்துக்கு. மூன்று பங்கு உடையவனுக்கு. வாணிகச் சரக்கு கொண்டுவந்த கலம் உடைந்தால் பாதி பண்டாரத்துக்கு, பாதி உடையவனுக்கு. சந்திரனும் சூரியனும் உள்ளவரை இது நிலைக்க வேண்டும் என்று கல்லிலும் செம்பிலும் எழுதச் செய்ததாகவும் அது கூறும்.

பாதியை அரசன் எடுத்துக்கொள்வது நீதியா என்று இன்று நாம் கேட்கலாம். முழுவதையும் பறிப்பதே வழக்கமாயிருந்த கடலில், பாதி திரும்பும் என்ற உறுதி வணிகனுக்குப் பெரிய ஊன்றுகோல். யானைக்கும் குதிரைக்கும் சலுகை கூடுதலாக இருந்தமைக்குக் காரணமும் தெளிவு. அவை அரசனின் படைக்கு வேண்டியவை. அறம் தனியே வரவில்லை. ஆதாயத்தின் கைபற்றியே வந்தது. ஆயினும், வந்தது.

அந்த ஆணை ஏன் தமிழில் எழுதப்பட்டது? சட்டம் யாருக்குப் பயன்பட வேண்டுமோ அவர்கள் அதனைப் படித்தறிய வேண்டும். அத்துறைக்கு வந்த வணிகரிடையே தமிழ் வழங்கிற்று என்பதற்கு அக்கல்லே சான்று. உரிமை இருந்தும் அது தன் மொழியில் எழுதப்படாவிட்டால், அயலான் அதனை அறியாமலே இழப்பான். எட்டு நூற்றாண்டுகளுக்கு முன் ஓர் அரசு இதனை உணர்ந்திருந்தது எண்ணத்தக்கது.

பெயர் பொறித்த பொதி

பொருளை மீட்பதற்கு அரசனின் ஆணை மட்டும் போதாது. பொருள் யாருடையது என்பதற்கு அடையாளம் வேண்டும். நம் முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். பூம்புகாரின் ஐந்து மன்றங்களுள் ஒன்றாக வெள்ளிடை மன்றத்தைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. ஊருக்குப் புதிதாக வந்தவர்கள், தம் பெயரும் எண்ணும் பொறித்த பொதிகளை அங்கு இட்டுவைப்பர். கதவும் இல்லை, காவலும் இல்லை. அவற்றைக் களவாடுபவன் அச்சுமையைத் தலையில் ஏற்றிச் சுற்றிச் சுற்றி அலைவானேயன்றி, அதனை வெளியே கொண்டுபோக இயலாது. திருட நினைப்பவரும் அம்மன்றத்தை எண்ணி நடுங்குவர் என்பது காப்பியத்தின் கூற்று. மன்றத்தின் தெய்வ ஆற்றலை ஒருபுறம் வைத்துவிட்டு நோக்கினாலும் ஒன்று தெளிவாகும்: அயலானின் உடைமைக்கு ஊரே பொறுப்பு என்ற எண்ணத்தை ஒரு நகரின் பெருமையாகவே அக்காப்பியம் கொண்டிருக்கிறது.

அடையாளத்துக்கு அடுத்து வேண்டியது சாட்சி. அதனால்தான் வணிகர் குழுவாக இயங்கினர். சுமத்திராவின் மேற்குக் கரையில், கற்பூரத்துக்குப் பேர்போன பரூஸுக்கு அருகே, லோபு துவாவில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்துள்ளது. ‘திசையாயிரத்து ஐந்நூற்றுவர்’ என்னும் வணிகக் குழுவினர் அங்குக் கூடி, வரும் மரக்கலங்களின் தலைவர்கள் செலுத்த வேண்டிய பொன்னைத் தீர்மானித்த செய்தி அதில் உள்ளது. தாயகத்திலிருந்து கடல் கடந்து வந்தவனுக்கு அங்கே தன் மொழி பேசும் ஒரு சபை இருந்தது. ஒருவன் கெட்டு நின்றால் ‘இவன் இன்னான்’ என்று சொல்லும் வாய்கள் அச்சபையில் இருந்திருக்கும் என எண்ணுவது பொருத்தமே.

ஊரார் தந்த ஆடை

அரசனின் சட்டமும் குழுவின் துணையும் எட்டாத இடங்களில் அயலானுக்கு எஞ்சுவது ஊராரின் இரக்கம் ஒன்றே. இதற்கும் இப்னு பதூதாவின் வரலாறே சான்றாகும்.

ஓடிப்போன தம் கலம் கொல்லத்துக்கு வரக்கூடும் என்று நம்பி அவர் அங்குச் சென்று காத்திருந்தார். கலம் வரவில்லை. பின்னொரு நாள், அக்கலத்தில் இருந்த பணியாளர் இருவர் வந்து செய்தி சொன்னார்கள். அது சுமத்திரா சென்றதாம். அவருடைய அடிமைப் பெண்களை அந்நாட்டு அரசன் எடுத்துக்கொண்டானாம். பொருள்கள் பலர் கைக்குப் போயினவாம். தோழர்கள் சீனத்துக்கும் வங்கத்துக்குமாகச் சிதறினராம். மனிதரையும் உடைமைக் கணக்கில் சேர்த்த காலம் அது. அப்பெண்கள் இழந்ததை மீட்டுத்தர எந்தத் துறைமுகத்திலும் சட்டம் இருக்கவில்லை என்பதை நாம் மறத்தல் ஆகாது.

பின்னர் அவர் மாலத்தீவும் இலங்கையும் கண்டு, தமிழகக் கரையை நோக்கி வரும்போது மீண்டும் கலம் உடைந்தது. விலையுயர்ந்த பொருள்களைத் தோழர்களிடம் ஒப்படைத்துத் தெப்பத்தில் அனுப்பிவிட்டு, அவர் உடைந்த கலத்திலேயே இரவைக் கழித்தார். விடிந்ததும் கரையிலிருந்த தமிழ் மக்கள் படகில் வந்து அவரை மீட்டனர். தோப்பிலிருந்து பனம்பழமும், நல்ல மீனும் கொண்டுவந்து கொடுத்தனர். பஞ்சு போன்ற நாருக்குள் தேன் போன்ற சாறு இருந்ததென்று அப்பழத்தை அவர் வருணிக்கிறார். வந்தவர் மதுரைச் சுல்தானுக்கு வேண்டியவர் என்றறிந்ததும் அவனுக்கும் செய்தி அனுப்பினர். மூன்றாம் நாள் சுல்தானின் ஆள்கள் குதிரைகளோடும் பல்லக்கோடும் வந்து சேர்ந்தார்கள். கடற்கரை மக்களின் பெயர்கள் வரலாற்றில் இல்லை. அவர்கள் தந்த பழத்தின் சுவை இருக்கிறது.

இறுதியாக நேர்ந்ததே பேரிழப்பு. கொல்லத்திலிருந்து வடக்கே செல்லும்போது, பன்னிரண்டு கொள்ளைக் கப்பல்கள் அவரைச் சூழ்ந்தன. இலங்கையில் பெற்ற மணிகளும், ஆடைகளும், பெரியோர் அளித்த பொருள்களும் பறிபோயின. புகாரா நகரில் அறிஞர் கல்லறைகளைப் பார்த்து எழுதிவைத்த குறிப்புகளும் அவ்வாறே கடற்கொள்ளையில் போயின. காற்சட்டை ஒன்றே உடலில் எஞ்ச, அவர் கள்ளிக்கோட்டைக்குத் திரும்பிப் பள்ளிவாசலில் ஒதுங்கினார். மார்க்க அறிஞர் ஒருவர் ஓர் ஆடை அனுப்பினார். காஜி ஒரு தலைப்பாகை அனுப்பினார். வணிகர் ஒருவர் இன்னோர் ஆடை கொடுத்தார். இழந்த மணிகள் திரும்பவில்லை. ஆனால் மனிதர் முன் நிற்கும் மானம் திரும்பிற்று. 1355ஆம் ஆண்டு தம் நாட்டில் நினைவிலிருந்து அவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட நூலில், பறித்தவர்களோடு, கொடுத்தவர்களும் இடம்பெற்றிருக்கிறார்கள்.

மலாக்காவின் ஏற்பாடு

இந்நெறிகள் பலவும் ஒருங்கே கூடிய துறைமுகம் நம் மலாக்கா. 15ஆம் நூற்றாண்டில் அங்கு நான்கு ஷாபந்தர்கள் இருந்தனர். குஜராத்தியருக்கு ஒருவர், தமிழர் உள்ளிட்ட கிழக்குக் கரையினர், வங்கத்தார், பெகு நாட்டார், பாசையார் ஆகியோருக்கு ஒருவர், ஜாவா முதலிய தீவினருக்கு ஒருவர், சீனர் முதலானோருக்கு ஒருவர். கப்பல் தலைவனை வரவேற்பது, பெண்டஹாராவிடம் அழைத்துச் செல்வது, பண்டகசாலையும் தங்குமிடமும் ஒதுக்குவது அவர்கள் பணி எனப் போர்த்துக்கீசியரான தோமே பிரெஸ் எழுதியுள்ளார். தன் வழக்கறிந்த ஒருவரிடம் முறையிடும் வாய்ப்பு ஒவ்வோர் அயலானுக்கும் கிடைத்தது.

சுல்தான் மகமூது ஷாவின் காலத்ததாகக் கருதப்படும் மலாக்காக் கடற்சட்டம், புயலில் சரக்கைக் கடலில் எறிய நேர்ந்தால், நாகுதா தன் விருப்பம்போல் ஒருவன் பொதியை மட்டும் எறிதல் கூடாது என்றது. கப்பலில் பொருளுடையோர் அனைவரையும் கூட்டிப் பேசி, அவரவர் உடைமைக்கேற்ப இழப்பைப் பகிர வேண்டும். நாதியற்ற பயணியின் மூட்டைதான் முதலில் அலைக்கு இரையாகும் என்பதை அறிந்தவர்கள் வகுத்த விதி இது.

படிக்க ஆளில்லாத மணி

கடைசியாக, திரும்பாத ஒரு பொருள். 1836ஆம் ஆண்டளவில் நியூசிலாந்தின் வடபகுதியில், வில்லியம் கொலென்சோ என்னும் சமயப் பணியாளர், மவோரி மக்கள் கிழங்கு வேகவைக்கும் பாத்திரமாக ஒரு வெண்கல மணியைப் பயன்படுத்துவதைக் கண்டார். இரும்புப் பாத்திரமொன்றைக் கொடுத்து அதனைப் பெற்றார். அதன் மேல் எழுத்துகள் இருந்தன. அவை தமிழ் எழுத்துகள். முகையதீன் வக்குசு என்பவருடைய கப்பலின் மணி என்பது அதன் பொருள். அம்மணி இன்று வெலிங்டனில் உள்ள தெ பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

உடையவன் பெயர் பொறித்துத்தான் வைத்தான். புகாரின் வணிகன் பொதிமீது எழுதியதைப் போலவே எழுதினான். கண்டெடுத்தவர்களும் அதனை உடைத்து எறியவில்லை. உணவு சமைத்துப் போற்றினார்கள். ஆனால் அந்த எழுத்தைப் படித்து, ‘இது இன்னாருடையது’ என்று சொல்ல அக்கரையில் எவரும் இல்லை.

இழந்த பொருள் மீள்வதற்கு அதன்மேல் ஓர் அடையாளம் வேண்டும். அரசில் ஒரு நெறி வேண்டும். கரையில் நமக்காகப் பேச ஒரு மனிதன் வேண்டும். முதலிரண்டையும் கல்லில் எழுதலாம். மூன்றாவதைக் கல்லில் எழுத இயலாது. இன்று கடவுச்சீட்டும் காவல் நிலையமும் தூதரகமும் உண்டு. எனினும், நம் ஊர்ப் பேருந்து நிலையத்தில் பையைத் தொலைத்து, மொழி தெரியாமல் திகைத்து நிற்கும் ஓர் அயலானைக் காணும்போது, நாம் யார் என்ற வினா எழுகிறது. காற்று கொண்டுவந்தது எனக்கே என்ற எழிமலைத் துறையா? கரையில் நெருப்பு மூட்டிக் காவல் நின்ற கள்ளிக்கோட்டையா? அவனருகே சென்று, ‘என்ன தொலைந்தது?’ என்று கேட்பவர்தாம் அதற்கு விடை கூறுகிறார்.